சாய்ந்த கட்டடத்துக்கு எந்த பீம்?

சென்னையில் சாலை உயர உயர வீடு பள்ளத்தில் போவதும், அதை ஜாக்கி வைத்துத் தூக்குவதும் இப்போது யாருக்கும் அதிசயமில்லை. ஆனால் களிமண்ணில் ஒரு பக்கம் இறங்கிச் சாய்ந்துவிட்ட கட்டடத்தை நிமிர்த்துவது வேறு ரகம். ஜாக்கிக்கும் சுவருக்கும் இடையில் சுமையை வாங்கும் இரும்பு பீமைத் தேர்ந்தெடுப்பதில்தான் வேலையின் சூட்சுமம் இருக்கிறது.

மொத்தம் 10 டன் எடையுள்ள ஒரு சிறு கட்டடம் என்று கொள்வோம். ஒரு பக்கத்துக்குப் பாதி, 5 டன். 3 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஜாக்கிகள், அவற்றின் மேல் பீம், பீமின் நடுவில் சுமை. கணக்குப் போட்டால் 200 மி.மீ. உயரமுள்ள ஐ பீம் மயிரிழையில் தாங்கிவிடும். முறியாது, ஆனால் நடுவில் சுமார் 6 மி.மீ. தொய்யும். ஜாக்கியைத் திருகும்போது முதலில் வளைவது பீம்தான், கட்டடம் அசையாது. செங்கல் சுவர் அந்த வளைவைப் பொறுக்காமல் விரிசல் விடும்.

250 மி.மீ. பீம் போட்டால் தொய்வு 3 மி.மீ.-க்குள் அடங்கும். மீட்டருக்கு 25 கிலோவாக இருந்த எடை 37 ஆகிறது, விறைப்போ இரண்டே கால் மடங்காகிறது. அடிக்கோலைப் படுக்கவைத்தும் நிறுத்தியும் வளைத்துப் பாருங்கள், உயரம் செய்யும் வேலை புரியும். இன்னொரு வழியும் உண்டு: ஜாக்கிகளை நெருக்கி வையுங்கள். இடைவெளி பாதியானால் தொய்வு எட்டில் ஒரு பங்காகும். பெரிய பீமை விட இது மலிவு.

இனி, அந்த 5 டன் கணக்கு நேராக நிற்கும் கட்டடத்துக்குத்தான் பொருந்தும். சாய்ந்தால் எடை தாழ்ந்த பக்கமே நகரும். அங்கே பாதிக்கு மேல் வரும். அதோடு பக்கவாட்டிலும் தள்ளும். ஐ பீம் மேலிருந்து வரும் சுமைக்கு வீரன், பக்கத்திலிருந்து தள்ளினால் நோஞ்சான், முறுக்கிக்கொண்டு கவிழ்ந்துவிடும். அதனால் ஒற்றை பீமை நம்பாமல் இரண்டை இணையாக வைத்துக் குறுக்கே பிணைப்பார்கள், அல்லது இரண்டு சானல்களை எதிரெதிரே பற்றவைத்துப் பெட்டியாக்குவார்கள். ஜாக்கி முட்டும் இடத்தில் நடுத்தகடு நசுங்காதபடி இருபுறமும் முட்டுத்தகடு வைப்பதும் அவசியம்.

சுமைக் கணக்கை ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் விடுங்கள். பழைய இரும்புக் கடையில் பீம் வாங்குவதானால், நடுத்தகடு துருவேறி மெலிந்திருக்கிறதா என்று அளந்து பார்த்து வாங்குங்கள்.