உங்களுக்குத் தெரியுமா? கட்டியைப் பார்க்காமலே கதிர்வீச்சு!

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு உடலுக்குள்ளேயே கதிரியக்கப் பொருளை வைத்துத் தரும் சிகிச்சை ‘பிராக்கிதெரபி’. பல பத்தாண்டுகளாக, கட்டியைப் படத்தில் பார்க்காமலேதான் இதற்குத் திட்டம் போட்டார்கள்!

• கற்பனைப் புள்ளி: எக்ஸ்ரேயில் தெரிந்தவை எலும்பும் உள்ளே வைத்த கருவியும்தான். அதனால் 1938-இல் மான்செஸ்டர் நிபுணர்கள் கதிர்வீச்சின் அளவைக் கணக்கிட ‘ஏ’ புள்ளியை வகுத்தார்கள். யோனியின் மேல்மடிப்பிலிருந்து 2 செ.மீ. மேலே, கருப்பையின் நடுப்பாதையிலிருந்து 2 செ.மீ. பக்கவாட்டில். கட்டி சிறியதோ பெரியதோ, எல்லோருக்கும் அதே புள்ளி!

• படம் காட்டும் எல்லை: இன்று கருவியைப் பொருத்தியபின் எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். கட்டி, சிறுநீர்ப்பை, மலக்குடல் எல்லாம் தனித்தனியே தெரியும். அவரவர் கட்டிக்கு ஏற்ப கதிர்வீச்சின் அளவை வடிவமைக்கலாம். இதற்கான ஐரோப்பிய வழிகாட்டுதல் வெளிவந்தது 2005-இல்.

• மில்லிமீட்டர் கணக்கு: கதிரியக்கப் பொருளாகப் பெரும்பாலும் பயன்படுவது சில மி.மீ. நீளமே உள்ள இரிடியம்-192. அதிலிருந்து விலகும் தூரம் இரட்டிப்பானால், கதிர்வீச்சு ஏறக்குறைய கால்பங்காகிவிடும். கட்டிக்கு முழு அடி. பக்கத்து உறுப்புக்கு லேசான உரசல்!

• இரும்புக்குத் தடை: எம்.ஆர்.ஐ. இயந்திரம் ஒரு பிரம்மாண்ட காந்தம். ஆகவே, கருவி பிளாஸ்டிக்கிலோ டைட்டானியத்திலோ இருக்கும்.

• பலன்: ‘எம்ப்ரேஸ்-1’ என்ற பன்னாட்டு ஆய்வில், எம்.ஆர்.ஐ. வழிகாட்டலில் இச்சிகிச்சை பெற்ற 1,341 பெண்களின் விவரங்களை அலசினார்கள். 5 ஆண்டுகளில் இடுப்புக்குள் கட்டி இருந்த இடத்திலேயே நோயைக் கட்டுப்படுத்திய விகிதம் 92 சதவீதம்!