கோலுக்குப் பின்னால் இரண்டு பொடியன்கள்

கால்பந்து மைதானத்தில், வெளியே ஓடும் பந்தை எடுத்துப் போடச் சிறுவர்கள் நிற்கிறார்களே, அந்த வழக்கம் எப்படி வந்தது தெரியுமா நேயர்களே?

1905. லண்டனில் செல்சி அணி அப்போதுதான் பிறந்திருந்தது. அதன் முதல் கோல்கீப்பர் வில்லி ஃபௌல்க், கேப்டனும் அவரே. ஆறடியைத் தாண்டிய உயரம், 130 கிலோவைத் தாண்டிய உடம்பு!

எதிரணியை மிரட்ட அது போதாதென்று, கோலுக்குப் பின்னால் இரண்டு பொடியன்களை நிறுத்தினார்களாம். பக்கத்தில் மடு இருந்தால்தானே மலை இன்னும் பெரிதாகத் தெரியும்? சும்மா நின்ற பையன்கள், வெளியே போன பந்தை ஓடி எடுத்துத் தர ஆரம்பித்தார்கள். அந்த வேலை அப்படித்தான் பிறந்தது என்று செல்சி வட்டாரத்தில் கதை சொல்வார்கள்.

ஆள் பருமன்தானே என்று நினைத்துவிடாதீர்கள். செல்சிக்கு வருவதற்கு முன்பே ஷெஃபீல்டு யுனைடெட் அணியோடு இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பையை வென்றவர். டெர்பிஷயருக்காகக் கிரிக்கெட்டும் ஆடியிருக்கிறார்!