சளி பிடிக்கவைக்கும் வைரஸ், தடுப்பூசியாக மாறுவது எப்படி?

சளி, தொண்டைவலி, கண்வலி தரும் அடினோவைரஸ் 1953-ல் கண்டறியப்பட்டது. நம் செல்லுக்குள் நுழைந்து, தன் மரபணுச் செய்தியை ஒப்படைப்பதில் அது கைதேர்ந்தது. வீடு தவறாமல் கடிதம் சேர்க்கும் தபால்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வைரஸ் பெருகத் தேவையான மரபணுவை விஞ்ஞானிகள் நீக்கிவிட்டு, அதன் பையில் கொரோனாவின் ஸ்பைக் புரதத்துக்கான குறிப்பை வைக்கிறார்கள். செல் அதைப் படித்துப் புரதத்தைச் செய்ய, எதிர்ப்புச் சக்தி எதிரியின் முகத்தை முன்கூட்டியே பழகிக்கொள்கிறது.

'முன்பே சளி பிடித்த உடல் இந்தத் தபால்காரரையே விரட்டிவிடாதா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் ஸ்புட்னிக் தடுப்பூசியின் முதல் தவணையில், மனிதர்களை ஒப்பீட்டளவில் குறைவாகத் தொற்றும் 26-ஆம் வகையும், கோவிஷீல்டில் சிம்பன்ஸி அடினோவைரஸும் இடம்பெற்றன. இவ்வகைத் தடுப்பூசிகள் சிலவற்றில் மிக அரிதாக ரத்த உறைவு ஏற்பட்டதும் உண்மை. அதையும் கண்காணித்தே ஆகவேண்டும். ஆனாலும், கிருமியைப் புரிந்துகொண்டால் அதையே காவலாக்கலாம் என்பதற்கு அடினோவைரஸே சான்று.