விளையாட்டுக் கம்ப்யூட்டர் நின்றுபோனால்: கார்டை மாற்றுமுன் பார்க்க வேண்டியவை

நம் வணிகர்கள் பலரது வீடுகளில், பிள்ளைகள் உதிரிப் பாகங்களாக வாங்கித் தாங்களே பூட்டிய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. விளையாட்டுக்கென்று பூட்டியதுதான் என்றாலும், கடையில் உள்ளதைவிட வேகமாக ஓடுகிறது என்பதால் நாளடைவில் டேலி கணக்கும் ஜி.எஸ்.டி. விவரங்களும் அதற்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிடுகின்றன. பகலில் கொள்முதல் பதிவு, இரவில் துப்பாக்கிச் சண்டை. அந்தப் பெட்டி ஒரு நாள் படுத்துவிட்டால் பிள்ளைக்கு விளையாட்டுப் போகும். நமக்கு மாதக் கணக்கே போகும்.

நமக்குத் தெரிந்த அரிசி வியாபாரி ஒருவர் வீட்டில் இப்படித்தான் ஆயிற்று. விளையாடத் தொடங்கிய பத்து நிமிடத்தில் கம்ப்யூட்டர் சட்டென்று அணைந்து, தானே மறுபடி எழும்பும். கணக்கு எழுதும்போது ஒரு தொல்லையும் இல்லை. ஆகவே பெரியவர் "ஆட்டத்தைக் குறைச்சுக்கோ" என்று சொல்லி விட்டுவிட்டார். ஒரு மாதம் 9-ஆம் தேதி இரவு பொத்தானை அழுத்தியபோது விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது, அதற்குமேல் அசைவில்லை. 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கல் செய்தாக வேண்டும். விற்பனை விவரம் முழுவதும் உள்ளே.

பழுது பார்க்க வந்தவர் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, மானிட்டர் ஒயரை மதர்போர்டிலேயே சொருகினார். கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது. "கார்டு போச்சுங்க, புதுசு போட்டுடலாம்" என்றார். கம்ப்யூட்டரில் மிக விலையுயர்ந்த பாகம் பெரும்பாலும் அதுதான். பார்த்தவர்களுக்கும் அவர் சொன்னது சரியென்றே பட்டது. ஆனால், மூட்டையை இறக்கியதும் வண்டி நகர்ந்தது என்பதற்காக மூட்டைதான் கெட்டது என்று சொல்லிவிட முடியுமா? வண்டியின் அச்சு பழுதாக இருக்கலாம் அல்லவா? அதே கார்டை உறவினர் வீட்டுக் கம்ப்யூட்டரில் பூட்டி ஒரு மணி நேரம் விளையாடிப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. பழுது இருந்தது, மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில். முந்தைய ஆண்டு பெரிய கார்டாக மாற்றியபோது பழைய 450 வாட் பெட்டியையே வைத்துக்கொண்டதுதான் காரணம்.

இதைச் சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டும். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக இறக்கித் தருவதே எஸ்.எம்.பி.எஸ்.-ன் வேலை. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பிரதானமாக 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. கார்டு தான் அமர்ந்திருக்கும் இடத்திலிருந்து 75 வாட் வரை எடுக்கலாம். 6 முள் ஒயர் வழியாக மேலும் 75, 8 முள் ஒயர் வழியாக 150 வாட் என்பது விதி. கணக்கு எழுதும்போது இதில் சிறு பங்குகூடச் செலவாவதில்லை. விளையாட்டில் முழுப் பாரமும் ஏறும். கண நேரத்துக்கு அளவைத் தாண்டியும் இழுக்கும். தாங்காத எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். எந்த அறிவிப்பும் இல்லாமல், விளக்கை அணைத்ததுபோல் நின்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் விழ வேண்டும். நாளாக ஆக அது மேலும் தளர்ந்து, பொத்தானை அழுத்தும்போதே விழுந்துவிடும்.

பெட்டியின் மேல் அச்சிட்ட வாட் கணக்கை நம்பி வாங்குவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பக்கவாட்டு அட்டையில் 12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்கினால் வருவதே உண்மையில் பயன்படும் வாட். மேலே 450 என்று பெரிதாகப் போட்டுவிட்டு, உள்ளே 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர் என்றிருந்தால் கிடைப்பது 216 வாட்தான். சாக்கில் எழுதிய எடைக்கும் தராசில் நிற்கும் எடைக்கும் உள்ள வித்தியாசம் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சிலர் 24 முள் இணைப்பில் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் கம்பியால் இணைத்து, விசிறி சுற்றினால் "எஸ்.எம்.பி.எஸ். நல்லாத்தான் இருக்கு" என்று சான்று கொடுத்துவிடுவார்கள். அது உயிரோடு இருக்கிறது என்பதற்குத்தான் சான்று. பாரம் சுமக்கும் என்பதற்கல்ல. மல்டிமீட்டரில் பார்ப்பதானால் 12 வோல்ட் ஒயரில் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் நிற்க வேண்டும். அதையும் கம்ப்யூட்டர் ஓடும்போது அளந்தால்தான் பொருள் உண்டு. நிச்சயமான வழி, தெரிந்தவரிடமிருந்து நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை இரவல் வாங்கி, அதன் ஒயர்களோடேயே மாட்டிப் பார்ப்பது. பழைய ஒயரைப் புதுப் பெட்டியில் சொருகக் கூடாது; முள் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பாகங்கள் எரிந்துபோகும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

யு.பி.எஸ்.-ஐயும் இதோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள். கடைகளில் பரவலாக உள்ள 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். பில் போடும் கம்ப்யூட்டருக்கு அது தாராளம். விளையாட்டுக் கம்ப்யூட்டரை அதில் மாட்டிவிட்டு மதர்போர்டைத் திட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ஒரு முறை சுவரிலேயே நேராக மாட்டிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

அணையாமல் நீலத் திரை வந்து நின்றாலோ, ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழை காட்டினாலோ ராமைச் சந்தேகிக்கலாம். ராம் தன் அட்டையில் போட்ட வேகத்தில் ஓட, பயாஸில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பைப் பிள்ளைகள் இயக்கி வைத்திருப்பார்கள். முதலில் அதை அணைத்துப் பாருங்கள். பல பழுதுகள் அங்கேயே தீர்கின்றன. தீராவிட்டால் மெம்டெஸ்ட்86 என்ற புரோகிராமைப் பென் டிரைவில் ஏற்றி இரவு முழுவதும் ஓடவிட வேண்டும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அலட்சியம் கூடாது. கணக்கு வைப்பவர்களுக்கு எஸ்.எம்.பி.எஸ். பழுதைவிட ராம் பழுதே ஆபத்தானது. முன்னது கம்ப்யூட்டரை நிறுத்தும். பின்னது ஓடவிட்டபடியே எண்களைக் கெடுக்கும். அந்த நிலையில் எடுத்த பிரதியும் கெட்டிருக்கலாம் என்பதால், பழைய பிரதியின் மேல் அதை எழுதிவிடாதீர்கள்.

சூடு எளிதில் தெரியும். கொஞ்ச நேரம் ஓடி, மெதுவாகி, பிறகு நிற்கும். மசாலாத் தூளும் மாவும் பறக்கும் கடையில் வைத்திருந்தால் விசிறியில் படிந்த தூசியைத் தட்டுவதே பாதி வைத்தியம். புதிதாகப் பூட்டியதென்றால், பிராசஸர் கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தார்களா என்று கேளுங்கள். சிரிக்க வேண்டாம், கெட்டிக்காரர்களும் மறப்பதுண்டு.

விசிறிகள் சுற்றுகின்றன, படம் மட்டும் வரவில்லை என்றால்? மானிட்டர் ஒயர் கிராபிக்ஸ் கார்டில் இல்லாமல் மதர்போர்டில் சொருகியிருக்கிறதா, பிராசஸருக்குத் தனியாகச் செல்லும் 8 முள் ஒயர் மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்டெல் பிராசஸர் பெயரின் முடிவில் 'எஃப்' என்றிருந்தால் அதற்குச் சொந்தமாகப் படம் காட்டும் வசதி கிடையாது. கார்டைக் கழற்றிச் சோதிக்கும் வழி அங்கே செல்லாது. டி.டி.ஆர்.5 ராம் புதிதாகப் போட்டிருந்தால் முதல் முறை படம் வரச் சில நிமிடங்கள் பிடிக்கலாம். பொறுமையின்றி அணைத்து அணைத்துப் போடக் கூடாது. பல மதர்போர்டுகளில் பிராசஸர், ராம், கார்டு, டிஸ்க் என்று நான்கு சிறு விளக்குகள் உண்டு. எரிந்தபடி நிற்கும் விளக்கு தேட வேண்டிய இடத்தைக் காட்டும். அதுவும் இல்லையென்றால் எல்லாவற்றையும் கழற்றி, பிராசஸர், கூலர், ஒரே ஒரு ராம் மட்டும் வைத்துத் தொடங்கி, ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியதுதான்.

கம்ப்யூட்டர் சொல்லும் காரணத்தை அப்படியே நம்பியதால் ஏமாந்தவர்கள் உலகமெங்கும் உண்டு. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை உயர்வகைப் பிராசஸர்களில் விளையாட்டுகள், வீடியோ நினைவகம் போதவில்லை என்று சொல்லி நின்றன. கிராபிக்ஸ் கார்டைத்தான் பலரும் பழித்தார்கள். பிராசஸருக்கு அளவுக்கு மீறிய வோல்டேஜ் போனதே காரணம் என்று 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. திருத்தம் பயாஸ் வழியாக அதே ஆண்டு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வந்தது. ஏற்கெனவே கெட்ட பிராசஸரை அது குணப்படுத்தாது. ஆகவே பெட்டியோடு விற்ற பிராசஸர்களுக்கு 3 ஆண்டு வாரண்டியை 5 ஆக உயர்த்தினார்கள். அந்த ரகம் வைத்திருப்பவர்கள் பில்லைத் தேடி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

பயாஸைத் தொடுமுன் ஓர் எச்சரிக்கை. மதர்போர்டில் உள்ள சி.ஆர்.2032 பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சில பழுதுகள் தீரும். ஆனால் தேதி பின்னோக்கிப் போய்விடும். திருத்தாவிட்டால் பில் தேதி தவறும், ஜி.எஸ்.டி. தளமும் திறக்க மறுக்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல் பூட்டு. 2024-இல் வந்த விண்டோஸ் 11, 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலும் அதுவே டிஸ்க்கைப் பூட்டி வைத்துவிடுகிறது. பயாஸை மாற்றினாலோ, மதர்போர்டை மாற்றினாலோ, எஸ்.எஸ்.டி.-யைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலோ 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அது இல்லையென்றால் உள்ளிருக்கும் கணக்கை யாராலும் எடுக்க முடியாது. சாவி அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணக்கோ பிள்ளையின் பெயரில், பிள்ளையோ விடுதியில் என்று ஆகிவிடக் கூடாது.

அரிசி வியாபாரிக்கு அந்தச் சங்கடம் நேரவில்லை. கார்டு இல்லாமல் எழுந்த அன்றிரவே டேலி கணக்கைப் பென் டிரைவில் எடுத்து, மறுநாள் ஆடிட்டர் அலுவலகத்தில் தாக்கல் முடித்துவிட்டார். 650 வாட் எஸ்.எம்.பி.எஸ். புதிதாக வாங்கிப் பழைய கார்டையே மாட்டினார்கள். ஆட்டம் இப்போது பத்து நிமிடத்தில் நிற்பதில்லை. அதுதான் பெரியவரின் புதுக் குறை. 48 இலக்கத்தையும் மகனிடம் கேட்டு வாங்கிக் கடன் பேரேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.