அதிரசம் எண்ணெயில் ஏன் பிரிகிறது?

தீபாவளி நெருங்கும்போது எங்கள் ஊர் அரிமளம் பக்கம் ஐப்பசி மழையும் சேர்ந்து வந்துவிடும். அதிரசத்துக்கு அரிசி ஊறப்போடுவதும் அப்போதுதான். எண்ணெயில் போட்டது பொங்கிப் பிரிந்து சட்டியின் அடியில் கசடாகத் தங்கினால் ‘கைராசி இல்லை’ என்பார்கள். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மாவின் ஈரம், பாகின் பதம், இந்த இரண்டில் ஒன்று தப்பியிருக்கும்.

1 கிலோ மாவுப் பச்சரிசிக்கு 750 கிராம் பாகு வெல்லம் சரியாக இருக்கும். அரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து வடித்து, வெள்ளை வேட்டியில் நிழலில் பரப்ப வேண்டும். வெயில் காலத்தில் அரை மணி நேரம் போதும். மழை நாளில் ஃபேனுக்கு அடியில் ஒரு மணி நேரமும் ஆகலாம். அதனால் கடிகாரத்தை நம்பாதீர்கள். அரிசியை அள்ளினால் கையில் ஒட்டக் கூடாது, ஆனால் உள்ளங்கை சில்லிட வேண்டும். அந்த ஈரத்தோடே அரைத்துச் சலிக்க வேண்டும். மாவைப் பிடித்தால் கொழுக்கட்டைபோல் நிற்கும், தட்டினால் உதிரும். பாக்கெட்டில் விற்கும் உலர்ந்த மாவு பாகின் நீரையெல்லாம் குடித்துவிட்டு விரிசல் விடும். அதில் அதிரசம் வராது.

வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, மண் போனபின் காய்ச்சுங்கள். கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகிச் சர்க்கரையின் அடர்த்தி ஏறுகிறது, கூடவே சூடும் ஏறுகிறது. வெப்பமானி வைத்துப் பார்த்தால் நமக்கு வேண்டிய இடம் 112 முதல் 116 டிகிரி செல்சியஸ். கிண்ணத்துத் தண்ணீர் அதைவிட எளிது: ஒரு சொட்டு பாகை விட்டால் கரையாமல் அடியில் தங்க வேண்டும், விரலால் கூட்டினால் மெத்தென்று உருள வேண்டும். கரைந்துபோனால் இன்னும் இளம்பாகு. அதில் கிளறிய மாவில் நீர் மிகுதி. எண்ணெயில் அது கொதித்து வெளியேறும் வேகத்தில் அதிரசமே சிதறும். உருண்டை கல்லாகிவிட்டால் பாகு முற்றிவிட்டது, அதிரசமும் பல்லை உடைக்கும்.

பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, ஏலக்காய், சுக்குப் பொடி, கொஞ்சம் எள் சேர்த்து மாவைச் சிறுகச் சிறுகத் தூவிக் கிளறுங்கள். சூட்டில் மாவு தளர்வாகத்தான் தெரியும். இங்கேதான் பலர் பயந்து மேலும் மாவைக் கொட்டிக் கெடுக்கிறார்கள். மேலே நெய் தடவி மூடி ஒரு நாள் விட்டால், மாவு பாகை உள்வாங்கித் தானே இறுகும்.

மறுநாள் எலுமிச்சை அளவு உருட்டி, எண்ணெய் தடவிய வாழையிலையில் தட்டி, மிதமான சூட்டில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். வெல்லம் சீக்கிரம் கருகும். தீ கூடினால் மேலே கருத்து உள்ளே பச்சையாக நிற்கும். முதலில் ஒன்றை மட்டும் சோதித்துப் பாருங்கள். அது பிரிந்தால் மீதி மாவில் ஒரு பிடி அரிசி மாவைப் பிசைந்துகொள்ளலாம். காய்ந்து விரிசல் விட்டால் வெதுவெதுப்பான பால் ஓரிரு கரண்டி. எடுத்தவுடன் இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவில் அழுத்தி எண்ணெயை இறக்குவது அவசியம். பொரிக்கக் கடலை எண்ணெய்தான் என் தேர்வு. நிலக்கடலை விளையும் எங்கள் மாவட்டத்தில் வேறு எண்ணெய் தேடுவானேன்?

நாம் மட்டும் செய்யும் பண்டமல்ல இது. ஆந்திரத்தில் அரிசெலு, கர்நாடகத்தில் கஜ்ஜாய, மராத்தியர் கசகசா ஒட்டிச் சுடும் அனார்சே, யாழ்ப்பாணத்தில் அரியதரம், எல்லாம் ஒரே குடும்பம். திருமலைக் கோயிலின் விஜயநகரக் காலக் கல்வெட்டுகளில் பெருமாளுக்குப் படைக்கும் பண்டங்களோடு அதிரசப் படியும் வருகிறது. கேதார கௌரி நோன்பு எடுக்கும் வீடுகளில் 21 அதிரசம் வைத்துப் படைப்பார்கள். எண்ணி வைக்க வேண்டிய இடத்தில் ஒன்று உடைந்தால் எவ்வளவு பதற்றம் என்பது அந்த வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும்.

முதல் தடவை செய்கிறவர்கள் பண்டிகைக்குப் பத்து நாள் முன்பே கால் கிலோ அரிசியில் செய்து பாருங்கள். மில்லில் கொடுக்கும்போது அதற்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மிளகாய் அரைத்த மெஷினில் வந்த மாவை எந்த ஏலக்காயாலும் காப்பாற்ற முடியாது.