உங்களுக்குத் தெரியுமா? உறையும் கடலில் உறையாத ரத்தம்

அண்டார்டிகாவின் மெக்மர்டோ கடற்பகுதியில் தண்ணீரின் வெப்பநிலை ஏறக்குறைய மைனஸ் 1.9 டிகிரி. சாதாரணக் கடல்மீனின் ரத்தமோ மைனஸ் 0.8 டிகிரியை ஒட்டியே உறையத் தொடங்கிவிடும். ஆனாலும் அங்கே மீன்கள் பனிக்கட்டியை உரசிக்கொண்டு நீந்துகின்றன!

• ரத்தத்தில் ஓடும் உறைதடுப்புப் புரதம்தான் காரணம். 1960-களில் இதைக் கண்டறிந்தவர் ஆர்தர் டிவ்ரீஸ். உடலுக்குள் நுண்ணிய பனித்துகள் நுழைந்தால், இந்தப் புரதம் அதன்மேல் அப்பிக்கொள்கிறது. துகள் உருகுவதில்லை, வளரவும் வழியில்லை. எத்தனை நேர்த்தியான காவல்!

• ஏரி மீனுக்கு இந்தப் பயமே இல்லை. நன்னீர் 0 டிகிரியில் உறையும். மீனின் ரத்தம் உறைய இன்னும் அரை டிகிரி குளிர் வேண்டும். அதன் தொல்லை வேறு. வெப்பநீருக்குப் பழகிய திலேப்பியா போன்ற மீன், கடுங்குளிரில் செவுள் மந்தமாகி உடலின் உப்பை இழக்கிறது. கடல்நீரில் நேர்மாறு: உப்பு உடலில் ஏறுகிறது.

• அண்டார்டிகாவின் பனிமீனுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபினே கிடையாது. செவுளைத் திறந்தால் சிவப்பில்லை, பாலேடு போன்ற வெண்மை. குளிர்நீரில் ஆக்சிஜன் தாராளமாகக் கரைவதால் பிழைத்துக்கொள்கிறது.