பேசாத பிள்ளையும் பேசும்

மழலை கேட்டு மகிழாத தாய் உண்டோ? குழந்தையின் பேச்சுக்கு முன் இசைக்கருவிகளும் தோற்றுவிடும் என்பது வள்ளுவர் கண்ட உண்மை. ஆனால், மூன்று வயது நிரம்பியும் "அம்மா" என்று அழைக்காத பிள்ளையைப் பெற்றவளின் வேதனையை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? அத்தகைய தாய்மாருக்கு, வீட்டை விட்டு வெகுதூரம் செல்லாமலே கிடைக்கக்கூடிய ஓர் உதவியைப் பற்றி இங்கே காண்போம். அதுவே தொலைவழிப் பேச்சுப் பயிற்சி.

குழந்தை பொதுவாக ஒரு வயதளவில் முதற் சொல்லைச் சொல்லும். இரண்டு வயதில் "பால் வேணும்", "அப்பா வா" என இரு சொற்களைச் சேர்க்கும். அவ்வாறு சேர்க்காவிடில் காரணம் தேடவேண்டும். காது கேளாமை, ஆட்டிசம், அறிவு வளர்ச்சிக் குறைவு, மொழித்திறன் மட்டும் பின்தங்குதல் எனக் காரணங்கள் பல. நம் வீடுகளிலோ, "அவன் மாமனும் தாமதமாகத்தான் பேசினான், பொறுத்திரு" என்பார்கள். நாவில் வசம்பு தடவுவோரும் உண்டு. மூளை மொழியை எளிதில் ஏற்கும் காலம் முதல் சில ஆண்டுகளே. பொறுத்திருந்து கழிக்கும் ஒவ்வொரு மாதமும் அக்குழந்தைக்கு நட்டமே.

சரி, சிகிச்சைக்குச் செல்வது எளிதா? ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். வேலூர் அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அரைமணிப் பயிற்சிக்காக அவள் ஒரு நாள் விடுப்பு எடுக்கவேண்டும், சம்பளமும் போகும். பேச்சுப் பயிற்சியோ ஒருமுறை மருந்து வாங்கி முடிப்பதன்று. வாரந்தோறும், பல மாதங்கள், சிலருக்குப் பல ஆண்டுகள் தொடரவேண்டியது. நான்கைந்து முறை வந்தபின் பலர் நின்றுவிடுவது அன்புக் குறைவாலா? இல்லை, வறுமையாலும் தூரத்தாலுமே.

தூரத்தை வெல்லும் முயற்சி புதியதன்று. அமெரிக்க நடிகர் ஸ்பென்சர் டிரேசியின் மகன் ஜான் பிறவியிலேயே காது கேளாதவர். அவருடைய தாய் லூயிஸ் டிரேசி 1942-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு நிலையம் தொடங்கி, அடுத்த ஆண்டிலேயே பெற்றோருக்கு அஞ்சல் வழிப் பாடங்களை அனுப்பலானார். பல நாட்டுத் தாய்மார்கள் கடிதத்தின் வழியே தங்கள் பிள்ளைகளுக்குப் பேசக் கற்பித்தனர். "தாயே முதல் ஆசிரியை" என்பதே அப்பாடங்களின் அடிப்படை.

நம் நாட்டில் 1965-இல் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் நிறுவப்பட்டது. அது இன்று தொலைவழிப் பயிற்சியும் அளிக்கிறது. சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார், ஊர்ப்புறப் பச்சிளங்குழந்தைகளின் செவிப்புலனை நடமாடும் வண்டியில் செயற்கைக்கோள் இணைப்பின் மூலம் சோதித்து, அதன் விவரங்களை 2013-இல் வெளியிட்டனர். 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது பயிற்சி நிலையங்கள் பலவும் கைப்பேசியின் துணையை நாடின. அன்று வேறு வழியின்றி ஏற்றது, இன்று பலருக்கு வசதியாக நிலைத்துவிட்டது.

பயிற்சி எங்ஙனம் நடைபெறுகிறது? குறித்த நேரத்தில் தாய் கைப்பேசியை ஒரு சொம்பின் மேல் சாய்த்து வைக்கிறாள். மறுமுனையில் பயிற்சியாளர், தாயும் பிள்ளையும் விளையாடுவதைப் பார்க்கிறார். "கேட்குமுன்னே தராதீர்கள், பாலா, பிஸ்கட்டா என்று இரண்டையும் காட்டிக் காத்திருங்கள்" என்கிறார். தோசை வார்க்கும்போது "மாவு", "ஊத்து", "சூடு" என்று ஒவ்வொரு செயலுக்கும் ஒரு சொல் சொல்லப் பழக்குகிறார். பிள்ளை எழுப்பும் ஒலி எதுவாயினும் அதைத் திருப்பிச் சொல்லி ஊக்குவிக்கச் சொல்கிறார். பயிற்சி அரைமணிதான், ஆனால் தாய் கற்ற முறை நாள் முழுதும் அடுப்படியிலும் முற்றத்திலும் தொடர்கிறது. பிள்ளை அறிந்த பாத்திரம், பாட்டி, கோழிக்குஞ்சு ஆகியவையே பாடப்பொருள்கள். நம் பகுதியில் தமிழோடு உருதும் தெலுங்கும் வீட்டு மொழிகளாக உள்ளன. பிள்ளைக்கு வீட்டு மொழியிலேயே பயிற்சி தருவது நன்று. அம்மொழி அறிந்தவர் உள்ளூரில் இல்லாவிடினும் தொலைவில் கிடைக்கலாம்.

எனினும் கைப்பேசி மந்திரக்கோல் அன்று. காதுச் சோதனைக்கும், செவித்துணைக் கருவி பொருத்துவதற்கும் நேரில் சென்றே ஆகவேண்டும். இணைப்பு அடிக்கடி அறுபடும். ஓரிடத்தில் உட்காராத பிள்ளையுடன் தாய் திண்டாடுவாள். பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுத்துக் கார்ட்டூன் காட்டுவது பயிற்சியாகாது. திரை பேசும், ஆனால் பதிலுக்குக் காத்திராது. பயிற்சியாளர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்டறிவதும் அவசியம்.

ஆகவே ஐயம் எழுந்தவுடன் முதலில் நேரில் காட்டுங்கள். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் செவிப்புலன், பேச்சுப் பிரிவு உண்டு. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பரிசோதித்து, மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்புகின்றனர். ஆறு வயதுக்குட்பட்ட, காது கேளாத குழந்தைகளுக்குச் செவிநத்தைக் கருவி பொருத்த முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. பேச்சு, மொழிக் குறைபாட்டை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஏற்றுள்ளது.

மாணவியராகிய நம் பங்கு என்ன? வீட்டில் தம்பி தங்கையரோடு அதிக நேரம் இருப்பவர்கள் நாமே. அவர்கள் பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாவிடில் முதலில் கவனிக்கக்கூடியவர்களும் நாமே. வகுப்பில் ஒருத்தி திக்கித் திக்கி வாசித்தபோது நாமும் சிரித்ததுண்டு. அந்தச் சிரிப்பு அவளை வாசிக்கவே அஞ்சச் செய்தது என்பதைப் பின்னரே உணர்ந்தோம். அவள் வாக்கியத்தை நாம் முடித்துவைக்கத் தேவையில்லை. பொறுமையாகக் காத்திருந்தால் போதும், அவளே முடிப்பாள்.

"ஊமை" என்ற சொல்லை இன்றே நம் வாயிலிருந்து அகற்றுவோம். பேசத் தவிக்கும் பிள்ளைக்கு நம் செவியைத் தருவோம்.